அட்டாலியில் கிடக்கும் பழைய காமெடி, கார்ட்டூன் கேசட்டுகளைக் கெடுக்காமல் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான்: ஏற்காட்டில் தாத்தா வீட்டைக் காலி செய்கிறார்கள். அட்டாலியில் (பரணில்) 40 வீடியோ கேசட். 1990-லிருந்து 2004 வரை டிவியில் ஓடியதை வீட்டு டெக்கில் (வீசிஆர்) பதிந்தவை. தூர்தர்ஷன் நகைச்சுவை நாடகங்கள், சன் டிவி, ராஜ் டிவி காமெடித் தொடர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கார்ட்டூன்கள். சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. டெக்கும் இருக்கிறது, ஓடுமா தெரியாது. எல்லாவற்றையும் சேலத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எங்கே தொடங்குவது?

தொடங்கக் கூடாத இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "என்னதான் இருக்குன்னு பார்ப்போமே" என்று ஒரு கேசட்டை எடுத்து டெக்கில் தள்ளாதீர்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் மலையீரத்தில் இருந்த நாடா ஒழுங்காக ஓடப்போவது ஒரே ஒரு தடவையாகக்கூட இருக்கலாம். அந்த ஒரு தடவை ஓடும்போது பதிவும் கூடவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கீழே சொல்வது முழுக்க அந்த ஒரு ஓட்டத்துக்கான ஏற்பாடுதான்.

டெக்கையும் மறக்காமல் கூடவே கொண்டுவாருங்கள். நாடாவை எந்த டெக் பதிந்ததோ அந்த டெக்தான் அதை மற்றவற்றைவிடச் சரியாகப் படிக்கும். நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணமும் நாடா செல்லும் பாதையும் அன்றைக்கு இருந்தபடியே பொருந்தும். எல்பி என்ற மெது வேகத்தில் பதிந்திருந்தால் இது இன்னும் முக்கியம். 'பால்' என்ற நம் நாட்டு டிவி முறையில் சாதாரண எஸ்பி வேகம் நொடிக்கு 23.39 மில்லிமீட்டர், எல்பி அதில் பாதி. இ-180 கேசட்டில் 3 மணி நேரத்துக்குப் பதில் 6 மணி நேரம் அடைத்திருப்பார்கள். நாடாவில் பதிவுக் கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது வேறு டெக்கில் போட்டால் படம் ஆடும், வெள்ளைப் புள்ளிகள் பனி மாதிரி கொட்டும்.

கொண்டுவரும் விதத்திலும் ஒரு சங்கதி உண்டு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். டிசம்பர் காலையில் அங்கே ஜில்லென்று இருக்கும் பொருளை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலத்துக் காற்றில் உடனே திறந்தால் உலோகத்தின் மேல் பனி கோக்கும். டெக்கின் உள்ளே இருக்கும் உருளையில் ஈரம் கோத்த நேரத்தில் நாடாவைச் சுற்றவிட்டால், நாடா அதில் அப்பிக்கொண்டு கசங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே ஓர் இரவு, ஒரு பகல் அப்படியே வைத்திருந்துவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

அடுத்தது, எதை முதலில் மாற்றுவது. 40 கேசட்டுக்கு 3 மணி வீதம் 120 மணி நேரம். வேகமாக ஓட்டிப் பதிய வழியில்லை, மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரமேதான் பிடிக்கும். பாதியில் சலிப்பு வரும், டெக் மக்கர் பண்ணும். ஆகவே அரிதானவை முதலில். டிவியில் போட்ட படத்திலிருந்து பதிந்த கவுண்டமணி–செந்தில் காட்சிகள் கடைசி வரிசைக்குப் போகட்டும், அந்தப் படங்கள் எங்கேயும் போய்விடவில்லை. டாம் அண்ட் ஜெர்ரியும் அப்படியே. 1940-லிருந்து எடுத்த அந்தக் குறும்படங்களுக்கு உங்கள் கேசட்டைவிடப் பத்து மடங்கு தெளிவான பிரதிகள் இருக்கின்றன. விஜய் டிவியின் லொள்ளு சபாவிலும் நிறையப் பகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

அரியவை என்று நான் கருதுவது மூன்று வகை. ஒன்று, சென்னைத் தொலைக்காட்சியில் ஒரே தடவை வந்துபோன மேடை நகைச்சுவை நாடகங்களும் வாரத் தொடர்களும். அவை எல்லாம் யாரோ ஒருவரிடம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு, தமிழ் பேசிய கார்ட்டூன்கள். கார்ட்டூனின் படம் உலகத்துக்கே ஒன்று. அதற்குத் தமிழ் கொடுத்த குரல் இங்கே மட்டும் ஒலித்தது. சேனல் மாறி, உரிமை கைமாறினால் வேறு ஆட்களை வைத்துப் புதிதாகப் பேசிவிடுவார்கள். பழைய குரல் தேடினாலும் கிடைக்காது. மூன்று, உள்ளூர் கேபிள்காரர் ஓட்டிய நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும். சேலத்து ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் அன்றைக்கு ஓடிய ஸ்லைடு விளம்பரம் இந்த மாதிரிக் கேசட்டில் தவிர வேறெங்கே இருக்கப்போகிறது? ராஜ் டிவியில் 1998-ல் வந்த, கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்ஸஸ் ரமணி' மாதிரித் தொடர்களின் பகுதிகள் தனியாகவும் கிடைக்கலாம். ஆனால் இடைவேளை விளம்பரத்தோடு, 'அடுத்து வருவது' அறிவிப்போடு அன்றைய ராத்திரி அப்படியே இருப்பது உங்கள் கேசட்டில். அதனால் விளம்பரத்தை வெட்டாதீர்கள்.

இனிப் பூசணம். ஒவ்வொரு கேசட்டையும் கையில் எடுத்து, முகப்பில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நல்ல நாடாச் சுருளின் பக்கவாட்டு, இசைத்தட்டு மாதிரி கருப்பாக, வழவழவென்று மின்னும். பூசணம் பிடித்திருந்தால் அரிசி மாவு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முற்றியதில் சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருக்கும். சுத்தமானது, சந்தேகமானது, பூத்தது என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். இந்த வேலையை வாசல் திண்ணையில், என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வீசிங் உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

இங்கே நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, வடகம் காயவைப்பது போலக் கேசட்டை மொட்டை மாடி வெயிலில் பரப்புவது. சேலத்துச் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் கூடு நெளியும். நாடா இழுபட்டு அதன் ஓரம் அலையலையாகிவிடும். அப்புறம் அதை எந்த டெக்காலும் நேராகப் படிக்க முடியாது. அரிசி டப்பாவில் போடுவதும் வேண்டாம், மாவுத் தூசி உள்ளே இறங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், மேலே கேசட்டுகள், நிழலான அறையில் இரண்டு மூன்று வாரம். ஜெல் நிறம் மாறினால் எடுத்து வேறு ஜெல் போடுங்கள். ஈரம் வற்றினால் பூசணம் சாகாது, ஆனால் வளர்ச்சி நின்று உலர்ந்த தூளாகிவிடும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நாடா முழுக்க இழுசிக்கொள்ளும், உலர்ந்தபின் துடைத்தால் உதிர்ந்து வரும்.

துடைக்கக் கூட்டைத் திறக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. கேசட்டைக் குப்புறக் கவிழ்த்தால் ஐந்து ஸ்டார் ஸ்க்ரூ தெரியும். ஐந்தையும் கழற்றிவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடியே நிமிர்த்தி, மேல் மூடியை மெல்லத் தூக்குங்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு போட்டோ. இரண்டு சுருள், அவற்றைப் பிடித்து நிறுத்தும் இரண்டு குட்டி பிரேக், பிரேக்குக்கு ஒரு ஸ்ப்ரிங், மூலைகளில் உருளைகள், முன்பக்கக் கதவு. இந்த ஸ்ப்ரிங்தான் தெறித்து ஓடும், கண் வைத்திருங்கள். நாடாவின் வெளிமுகம்தான் பதிவு இருக்கும் முகம். விரல் படவே கூடாது.

மைக்ரோஃபைபர் துணியை மடித்து நாடாவை இரு பக்கமும் லேசாகக் கவ்வியபடி, ஒரு சுருளைக் கையால் சுற்ற வேண்டும். அடிக்கடி துணியின் புது இடத்துக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த பூசணத்தையே திரும்பப் பூசிவிடுவீர்கள். ஆனால் இ-180-ல் ஏறக்குறைய 258 மீட்டர் நாடா. கையால் ஒன்றிரண்டு கேசட் முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்குமேல் இருந்தால், காயலான் கடைக்குப் போகிற நிலையில் ஒரு டெக் வாங்கி அதைத் துடைக்கும் மெஷினாக்கிவிடுங்கள். ஃபாஸ்ட் ஃபார்வேர்டு, ரீவைண்டு செய்யும்போது நாடா உருளையில் சுற்றாமல் கூட்டுக்குள்ளேயே ஓடும் பழைய மாடலாக இருக்க வேண்டும். நாடா வெளியே தெரியும் இடத்தில் துணிப்பட்டை வைத்து இரண்டு முறை ஓட்டி எடுக்கலாம். பூசணக் கேசட் எதையும் நல்ல டெக்கில் போடவே போடாதீர்கள். ஒரு கேசட்டின் பூசணம் டெக்குக்கும், டெக்கிலிருந்து மற்ற 39-க்கும் தொற்றும்.

தண்ணீர், கொலோன், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் நாடாவில் வேண்டாம். கூடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ உள்ள வேறு கேசட்டின் கூட்டுக்கு இரண்டு சுருளையும் மாற்றிக்கொள்ளலாம். நாடா அறுந்திருந்தால் செல்லோ டேப்பால் ஒட்டக் கூடாது. அந்தப் பசை சூட்டில் கசிந்து ஹெட்டில் ஏறிவிடும். அரை அங்குல நாடாவுக்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப்பை உள்முகத்தில் ஒட்ட வேண்டும்.

டெக்குக்கு வருவோம். வருடக்கணக்கில் ஓடாத டெக்கில் முதலில் போவது ரப்பர். பெல்ட் தளரும், சிலதில் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். மேல் மூடியைக் கழற்றித் தூசியை மெல்லிய பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி வீடுகளில் இருந்த டெக் என்றால் உள்ளே பஞ்சு அடைந்திருக்கும். கேசட்டைப் போட்டதும் நாலைந்து நொடி ஓடிவிட்டுத் தானாக நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: சுருள் சுற்றுகிறதா என்று பார்க்கும் ஒளி சென்சாரைத் தூசி மறைத்திருக்கும், டெக்கும் நாடா சிக்கிவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடும். ஹெட் போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

ஹெட் சுத்தம் செய்வதுதான் கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. மின்சாரத்தைப் பிடுங்கிவிடுங்கள். பளபளவென்று சாய்ந்து நிற்கும் உலோக உருளை ஒன்று தெரியும். ஓடும்போது நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும் டிரம் அது. அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துருத்தி நிற்கும் துணுக்குகள்தான் வீடியோ ஹெட். ஃபெரைட்டில் செய்தவை, கண்ணாடி மாதிரி நொறுங்கும். பஞ்சுக் குச்சி கூடாது, நார் மாட்டி ஹெட்டைப் பெயர்த்துவிடும். சுத்தமான வெள்ளைத் தாளை விரலகலத்துக்கு மடித்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் வைத்துப் பிடியுங்கள். இன்னொரு கையால் டிரம்மின் மேல்பக்கத்தைப் பிடித்து மெல்ல நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். தாள் அசையக் கூடாது, டிரம்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடிந்துவிடும். தாளில் பழுப்புக் கோடு விழும், கோடு விழாத வரைக்கும் தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பியையும் அதே திரவத்தால் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும், ஆல்கஹால் ரப்பரை நாளடைவில் வறட்டிவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு, போனால் போகிறது என்கிற ஒரு சினிமா கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். டெக் நாடாவைத் தின்றுவிட்டால் கேசட்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, லோடிங் மோட்டாரின் பல்சக்கரத்தைக் கையால் திருப்பினால் நாடா தானே பின்வாங்கும்.

பதியும் ஏற்பாடு. டெக்கின் ஆண்டெனா வழியாக எடுக்காதீர்கள், மஞ்சள்–வெள்ளை–சிவப்பு ஏவி கேபிள் வழியாக எடுங்கள். டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் இன்னும் நல்லது. பழைய வீட்டு டெக்குகள் பலவற்றில் ஆடியோவுக்கு ஒரே துளைதான் இருக்கும். ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம், இடது சேனலை இரண்டுக்கும் காப்பி செய்துகொள்ளலாம்.

டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் யூஎஸ்பி கேப்சர் கருவியில் மலிவானதை நேரடியாக டெக்கில் மாட்டினால் படத்தின் மேல்பகுதி கொடி மாதிரி வளையும், போகப்போகப் பேச்சும் வாயசைவும் விலகும். காரணம் கருவி மட்டுமில்லை. நாடா ஒரே சீரான வேகத்தில் ஓடாது, ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். பழைய டியூப் டிவி அதைச் சகித்துக்கொள்ளும், கேப்சர் கருவி சகிக்காமல் ஃபிரேம்களை விட்டுவிடும். காமெடிக்கு இது பெரிய கேடு. வசனம் அரை நொடி தள்ளி விழுந்தால் சிரிப்பே வராது. இதற்கு, முன்னே பின்னே வரும் கோடுகளைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வேண்டும். தனியாக வாங்குவது செலவு. பழைய டிவிடி ரெக்கார்டர்களில் சில, குறிப்பாக பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15, தம் வழியே போகும் சிக்னலை நேராக்கிக் கொடுக்கும். டெக்கிலிருந்து அதற்கு, அதிலிருந்து கேப்சர் கருவிக்கு. டிஸ்க் போடவே தேவையில்லை. பழைய சாமான் விற்கும் இடங்களில் இவை கிடைத்தால் விடாதீர்கள்.

கருவியோடு வரும் சாஃப்ட்வேர் வேண்டாம், வர்ச்சுவல்டப் என்ற பதிவு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துங்கள். 'பால்' முறை, 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், சுருக்கும் முறைக்கு, தரம் குறைக்காத ஹஃப்ஒய்யூவி அல்லது லாகரித். மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும், மூன்று மணிக் கேசட்டுக்கு 90 ஜிபி. தனி ஹார்டு டிஸ்க்கில், என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் எழுதுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் நின்றுவிடும். பதிவு தொடங்குமுன், வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து, பிரகாசமான காட்சியில் வெள்ளை வெட்டுப்படாமல் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். வேட்டி சட்டையில் மடிப்பே தெரியாமல் வெள்ளையாக அப்பிவிட்டால் பின்னால் எந்த சாஃப்ட்வேராலும் திருத்த முடியாது. டெக் மெனுவில் நீலத்திரை என்று இருந்தால் அணைத்துவிடுங்கள், சிக்னல் மங்கும் இடத்தில் அது படத்தையே விழுங்கும். ஹெட்டை நாடாவின் கோடுகளோடு பொருத்தும் டிராக்கிங்கை முதல் அரை நிமிடத்தில் சரிசெய்து, அந்த அரை நிமிடத்தை மட்டும் ரீவைண்டு செய்து, முதலிலிருந்து பதியுங்கள். லேப்டாப் தூங்கப் போகாமல் செட்டிங்கை மாற்றுங்கள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது படத்தில் பட்டை உருண்டு, சத்தத்தில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது எர்த் கோளாறு. டெக், லேப்டாப் இரண்டையும் ஒரே போர்டில் மாட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இல்லாமல் மூன்று மணி நேரப் பதிவில் இறங்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் பதிந்து அனுப்பிய கேசட் ஏதாவது கலந்திருந்தால் அது என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை, 525 கோடு. அதன் பெட்டியில் டி-120 என்று இருக்கும், அதை ஓட்டும் டெக்கே வேறு. வளைகுடாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் நம் 'பால்' முறைதான்.

பதிந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு ஒரு பிரதி செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரில், ஒன்றுவிட்ட கோடுகளாக வரும் படத்தை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸை 'பாப்' என்று வைத்து நொடிக்கு 50 ஃபிரேமாக்கினால் அசைவு டியூப் டிவியில் பார்த்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகும். டீஇன்டர்லேஸ் செய்யாமல் விட்டால் ஓடுகிற கார்ட்டூன் பாத்திரத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழியும். அளவு 4:3, அதாவது 768×576. புது டிவிக்காக அகலமாக இழுக்காதீர்கள், எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். அடியில் ஏழெட்டுக் கோடு உயரத்துக்கு நெளியும் பட்டை இந்த வகை (விஎச்எஸ்) கேசட் எல்லாவற்றிலும் உண்டு. ஹெட் மாறும் இடம் அது, பழுது இல்லை. எச்.264 என்ற சுருக்கும் முறையில், தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 18 என்று வைத்தால் மணிக்குச் சுமார் 2 ஜிபி. அரிய கேசட்டுகளுக்கு மட்டும் மூலக் கோப்பையும் வைத்துக்கொண்டால் 4 டிபி டிஸ்க் இரண்டு போதும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். ஒன்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என்றால் இன்னொன்று வேறு ஊரில்.

லேபிள் இல்லாத கேசட்டுக்கு வருடம் கண்டுபிடிக்க மூலையில் உள்ள சேனல் சின்னமே உதவும். சன் டிவி இருந்தால் 1993 ஏப்ரல் 14-க்குப் பின். ராஜ் டிவி என்றால் 1994 அக்டோபருக்குப் பின். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு 1995-ல் வந்தது. ஜெயா டிவி 1999 ஆகஸ்ட். விஜய் டிவியில் ஸ்டார் குழுமத்தின் நட்சத்திரம் ஏறியிருந்தால் 2001 அல்லது அதற்குப் பின். போகோ 2004 ஜனவரி, சுட்டி டிவி 2007 ஏப்ரல். உங்கள் கேசட்டில் சுட்டி டிவி தெரிந்தால் 2004-க்குப் பிறகும் யாரோ மேலே பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது நிகழ்ச்சி முடிந்த பின்னும் ஓடவிடுங்கள், புதுப்பதிவு நிற்கும் இடத்தில் பழையது தலைகாட்டும். அரிய சங்கதி அந்த வால்பகுதியில் இருக்கக்கூடும். கோப்புப் பெயரில் வருடம், சேனல், நிகழ்ச்சி, கேசட் எண் நான்கும் வரட்டும். எண்ணைக் கேசட் பெட்டியிலும் எழுதுங்கள்.

யூடியூபில் ஏற்றலாமா என்பது தனிக் கேள்வி. இந்தியச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் மறுஒளிபரப்பு உரிமை 25 வருடம், ஆனால் நிகழ்ச்சியின் பதிப்புரிமை 60 வருடம். ஆக வீட்டில் வைத்துப் பார்க்கலாம், முழுத் தொடரையும் பொதுவில் ஏற்றினால் உரிமைக்காரர் நீக்கச் சொல்லக்கூடும்.

மாற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். முதுகுப் பக்கத்து ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிட்டால் யாரும் தவறிப்போய் மேலே பதிய முடியாது. ஒரே பக்கம் முழுக்கச் சுற்றி, புத்தகம் அடுக்குவது போல நிற்கவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சேலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அட்டாலி வேண்டாம், ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் வெயில் படாத பக்கம் நல்ல இடம்.